குட்டிதானே!

காஞ்சிபுரத்தில் உபாத்தியாயருக்கு இரண்டு உத்தியோகங்கள் உண்டு. ஒன்றுக்குச் சம்பளம் கிடைக்கும். மற்றொன்றுக்குக் காபி கிடைக்கும். இரண்டாவது உத்தியோகம் தெருவாருக்கு மகஜர் எழுதிக் கொடுப்பது. சாக்கடை அடைத்துக் கொண்டாலும், தெரு விளக்கு அணைந்து போனாலும், குழாயில் தண்ணீர் வராமல் காற்று மட்டும் வந்தாலும் தெருப் பெரியவர்கள் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து விடுவார்கள். "சார் கையால் எழுதினால்தான் அழுத்தமாக இருக்கும்" என்பார்கள். அழுத்தமாக எழுதியதால் இதுவரை ஒரு விளக்கும் எரிந்ததில்லை. ஆனாலும் பாராட்டைக் கேட்கும்போது நாம் பேனாவைத் திறக்காமல் இருந்ததும் இல்லை.

சென்ற மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஐந்து பேர் அவ்வாறு வந்தார்கள். அந்த முறை விஷயம் விளக்கன்று, நாய். அடுத்த தெருவில் ஜவுளி வியாபாரம் செய்யும் கனவான் ஒருவர் புதிதாக ஒரு ராட்வீலர் வாங்கியிருந்தார். கன்றுக்குட்டி உயரம், கடாவின் கழுத்து, எடை ஐம்பது கிலோவுக்குக் குறையாது. அவர் வீட்டு வாசலில் "நாய் ஜாக்கிரதை" என்று பலகை தொங்குகிறது. நாயிடம் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று பொருளா, நாய் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறது என்று நமக்கு உறுதி கூறுகிறார்களா என்பது தமிழாசிரியர்களும் தீர்க்க வேண்டிய சந்தேகம். அந்த வீட்டைத் தாண்டிப் போகும் பெண்கள் எதிர்ச்சாரிக்கு மாறிப் போகிறார்கள். தயிர்க்காரி தெருவையே மாற்றிக் கொண்டாள். இந்த நாயை ஊரை விட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று மாநகராட்சிக்கு ஒரு மகஜர் வேண்டும். இதுவே வந்தவர்களின் கோரிக்கை.

நாம் எழுதினோம். இரண்டு பக்கம் எழுதினோம். "கூற்றுவனின் தூதன்" என்று ஒரு பதத்தை அதில் சேர்த்தோம். அதைப் படித்துக் காட்டியபோது பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக் கொண்டார். நமக்கும் பெருமையாகவே இருந்தது. இத்தனைக்கும் அந்த நாய் அதுவரை ஒருவரையும் கடித்ததில்லை.

அன்று பிற்பகல் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வலது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றிக் கொண்டு வந்து நின்றான். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன். "என்னடா?" என்றோம். சந்தில் பையன்கள் எல்லோரும் சேர்ந்து வளர்க்கும் நாய்க்குட்டி ஒன்று விரலைக் கவ்வி விட்டதாம். துணியை அவிழ்த்துப் பார்த்தோம். இரண்டு சிறிய பற்குறிகள். ஒரு துளி இரத்தம் உறைந்திருந்தது. "குட்டிதானே! மஞ்சளை வைத்துக் கட்டிக் கொள். நாளைக்குக் கணக்குப் பரீட்சை, அதைக் கவனி" என்று அனுப்பி விட்டோம்.

கடிக்காத நாய்க்கு இரண்டு பக்கம். கடித்த நாய்க்கு ஒரு சொல். பல்கலைக்கழகப் பட்டம் பெற்று இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஒருவரின் அறிவு அன்று இந்த இலட்சணத்தில் இருந்தது. வாசகர்களிடம் இதை ஒப்புக் கொள்வதற்காகவே இந்த வாரம் பேனாவை எடுத்தோம்.

*

மாலையில் அந்தப் பையனின் பாட்டி அவனைக் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். தார் சுற்றிச் சுற்றித் தேய்ந்து போன விரல்கள். எழுத்து வாசனை அறியாதவள். திண்ணையில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"வாத்தியாரையா, மஞ்ச வெச்சுக் கட்டுன்னு நீங்களா சொன்னீங்க?" என்றாள்.

"ஆமாம் பாட்டி, சின்னக் குட்டிதானே..."

"வெசத்துக்குச் சின்னது பெரிசு உண்டாங்களா?"

நாம் வாயடைத்து நின்றோம். அவளே பேசினாள். அவளுடைய தம்பிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு நாய்க்குட்டி கணுக்காலில் கடித்ததாம். "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடணும்னாங்க. எங்கப்பா பயந்துகிட்டு மந்திரிக்கக் கூட்டிப் போனாரு. ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தான். அப்புறம் ஒரு நாள் தண்ணிச் சொம்பைப் பார்த்து அலறினான். மூணாம் நாள் போயிட்டான். நான்தான் அவனுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தேன், ஐயா."

இதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் சட்டையை மாட்டிக் கொண்டு அவர்களுடன் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாள் முதலில் ஊசியை எடுக்கவில்லை. பையனைக் குழாயடிக்கு அழைத்துப் போய், சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கடியைக் கழுவச் செய்தார். மஞ்சள் முழுவதையும் அகற்றினார். "இதை யார் வைக்கச் சொன்னது?" என்று கேட்டார். பாட்டி நம்மைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை நாம் மறப்பதற்கில்லை. பின்னர், இரத்தம் வந்த கடியாகையால், காயத்தைச் சுற்றிலும் ஒரு மருந்தைச் செலுத்தினார். அதற்கப்புறம் தடுப்பூசி. அன்றைய தினத்தையும் சேர்த்து, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு தவணை. எல்லாம் தோளில், எல்லாம் இலவசம். தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி இல்லை.

ஐந்தாம் நாள் அந்த நாய்க்குட்டி சந்து முனைப் பாலத்தடியில் செத்துக் கிடந்தது.

குட்டி எதனால் செத்தது என்று யாரும் பரிசோதிக்கவில்லை. பட்டினியாக இருக்கலாம், வண்டியில் அடிபட்டிருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பையன் இன்று நலமாக இருக்கிறான். கணக்குப் பரீட்சையில் நாற்பத்திரண்டு மார்க் வாங்கினான். அந்த மார்க்கை நாம் ஒருபோதும் குறைவு என்று கருத மாட்டோம்.

*

பெரியதைக் கண்டு அஞ்சுவதும் சிறியதைக் கண்டு அலட்சியம் செய்வதும் மனிதர்களுக்கு இயல்பு. நாலடியார் இயற்றிய நம் முன்னோர் இதைக் கொஞ்சம் மாற்றி யோசித்தார்கள். பல நாள் பழகியும் பாகனைக் கொல்லும் யானையைக் காட்டிலும், எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதே வாலைக் குழைக்கும் நாயின் நட்பே மேல் என்று அவர்கள் கண்டார்கள். உருவத்தின் பெருமையைக் கொண்டு குணத்தை அளக்கக் கூடாது என்பது அதன் கருத்து.

இக்காலத்து ஆராய்ச்சியும் ஏறக்குறைய இதையே சொல்லுகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான நாய்களின் சுபாவத்தைப் பற்றி அவற்றை வளர்ப்போரிடம் விசாரித்து, 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மனிதர் மீது அதிகமாகச் சீறிப் பாயும் ஜாதிகளின் வரிசையில் முன்னே நின்றவை வேட்டைப் புலி போன்ற நாய்கள் அல்ல. குட்டைக்கால் டாக்ஸ்ஹுண்டும், மடியில் வைத்துக் கொஞ்சும் சிவாவாவும்தான். சிவாவாவின் எடை மூன்று கிலோ கூட இராது. அது கடித்தால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. பத்திரிகையில் செய்தியும் வருவதில்லை. ஆகையால் அதன் கோபம் உலகத்துக்குத் தெரியாமலே போகிறது.

அப்படியானால் பெரிய நாயைப் பற்றிய பயம் வீண் பயமா? இல்லை. இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். கோபம் உருவத்தைப் பொறுத்ததன்று. ஆனால் கோபத்தின் பலன் உருவத்தைப் பொறுத்தது. மூன்று கிலோ நாய் கடித்தால் தோல் கிழியும். ஐம்பது கிலோ நாய் கடித்தால் எலும்பு முறியும். அதிலும் குழந்தைகளின் தலையும் கழுத்தும் பெரிய நாயின் வாய்க்கு நேராக இருக்கின்றன. 2024 மே 5-இல் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் தாக்கித் தலையில் கொடுங்காயம் விளைவித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் ஒன்று கடித்து ஒருவர் உயிரிழந்தார். இவற்றைக் கேட்ட பின்னும், "நாய்க்கு நம் அன்பு தெரியும்" என்று வேதாந்தம் பேசுவோரிடம் நமக்கு வாதம் இல்லை. அவர்கள் வாசலில் நம் குழந்தைகளை விளையாட விடவும் போவதில்லை.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2024 மார்ச்சில் மத்திய சர்க்காரின் கால்நடைத் துறை, பிட்புல், ராட்வீலர் முதலான இருபத்துமூன்று ஜாதி நாய்களுக்கு உரிமமும் விற்பனை அனுமதியும் கொடுக்க வேண்டாமென்று மாகாணங்களுக்கெல்லாம் கடிதம் எழுதியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து ஆலோசிக்காமல் எழுதிய கடிதம் என்று அடுத்த மாதமே கர்நாடக ஹைகோர்ட்டு அதைத் தள்ளி விட்டது. பிரிட்டனில் 1991-ஆம் வருஷத்துச் சட்டம் பிட்புல் முதலிய நான்கு ஜாதிகளைத் தடுத்தது. அப்படியும் கடி நிற்கவில்லை. எக்ஸ்எல் புல்லி என்ற மற்றொரு ஜாதியையும் பின்னர் சேர்க்க வேண்டி வந்தது. ஹாலந்து தேசமோ 1993-இல் பிட்புல்லைத் தடுத்துப் பார்த்து, கடி குறையவில்லை என்று 2008-இல் தடையை நீக்க முடிவு செய்தது. ஜாதியைத் தடுத்தால் வேறொரு ஜாதி வருகிறது. நாயின் ஜாதியைப் பற்றிய சட்டங்கள் மட்டும் எந்த ஊரிலும் முழு வெற்றி பெற்றதாகத் தெரியவில்லை. மனிதர் ஜாதியை வைத்துக் குணத்தை நிர்ணயித்து நாம் பட்ட பாட்டை நினைத்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆக, அபாயம் இரண்டு வகை. ஒன்று பல்லின் அபாயம். அது நாயின் எடையோடு வளர்கிறது. கட்டும் கட்டுப்பாடும் அதற்கு மருந்து. மற்றொன்று எச்சிலின் அபாயம். அதற்கு எடை கிடையாது. நாய்க்குட்டியின் கீறல் போதும். ராட்சத நாயின் கடியைப் போலவே அதுவும் கொல்லும். தடுப்பூசி ஒன்றே அதற்கு மருந்து. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொண்டு, பெரிய நாயைக் கண்டு கூச்சலிட்டும், சிறிய நாயைக் கண்டு சிரித்தும் நாம் காலம் கழிக்கிறோம்.

*

இரண்டாவது அபாயத்தின் அளவை வாசகர்கள் தெரிந்து கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 2024-ஆம் வருஷத்தில் மட்டும் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் நாய்க்கடிகள் பதிவாயின. வெறிநோயால் 43 பேர் மாண்டனர். இந்தியா முழுவதிலும் வருஷத்துக்குச் சுமார் 91 லட்சம் பேரைப் பிராணிகள் கடிக்கின்றன என்றும், அவற்றில் நான்கில் மூன்று நாய்க்கடி என்றும், 5,700-க்கு மேற்பட்டோர் வெறிநோயால் இறக்கின்றனர் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் பதினைந்து மாகாணங்களில் வீடு வீடாக விசாரித்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த நோயின் போக்கு விசித்திரமானது. கிருமி இரத்தத்தின் வழியாக ஓடுவதில்லை. நரம்பைப் பிடித்துக் கொண்டு, மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. பெரும்பாலும் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை எடுத்துக் கொள்ளும். முகத்திலும் கைவிரலிலும் பட்ட கடி சீக்கிரம் போய்ச் சேரும். மூளையை அடைந்து நோயின் குறிகள் தோன்றி விட்டால் வைத்தியம் அநேகமாக இல்லை. ஆனால் அது நடந்து வரும் அந்த நாட்களுக்குள் தடுப்பூசி முந்திக் கொண்டால் அபாயம் இல்லை. மனிதனுக்கும் மரணத்துக்கும் நடக்கும் ஓட்டப் பந்தயத்தில், மரணம் நமக்கு இவ்வளவு அவகாசம் கொடுக்கும் நோய் வேறு எது? அந்த அவகாசத்தை மந்திரிப்பதிலும் மஞ்சள் வைப்பதிலும் செலவிடுகிறோம் என்பதுதான் துக்கம்.

1885 ஜூலை 6-இல் லூயி பாஸ்டர் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் இந்த ஊசியைப் போட்டார். தென்னிந்தியாவில் இதற்கென்று குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்தைத்தான் தொப்புளைச் சுற்றிப் பல நாட்கள் போட்டார்கள். அந்த மருந்தை இந்தியாவில் 2004-ஆம் வருஷ முடிவோடு நிறுத்தி விட்டார்கள். ஆனால் அதைப் பற்றிய பயம் மட்டும் நம் வீடுகளில் நிற்கவில்லை. "பதினாலு ஊசி" என்ற பேச்சைக் கேட்டு ஒளிந்து கொள்ளும் பிள்ளைகளை நாம் இன்றும் வகுப்பில் காண்கிறோம். கடியை மறைக்கும் பிள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு: "அந்த நாயோடு ஏன் விளையாடினாய்?" என்று வீட்டில் அடி விழுமே என்ற அச்சம். பெற்றோரே, கடிபட்ட குழந்தையை அடிக்காதீர்கள். ஒரு தரம் அடித்தால் மறுதரம் அது உங்களிடம் சொல்லாது.

*

அஹிம்சை பேசும் தேசத்தில் நாய்களை என்ன செய்வது என்ற கேள்வி புதிதன்று. 1926-இல் ஆமதாபாத்தில், நம் ஊரைப் போலவே துணி நெய்து வாழும் நகரத்தில், ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய் தமது ஆலையைச் சுற்றித் திரிந்த அறுபது நாய்களைக் கொல்லச் செய்தார். ஊரில் பெருங்கிளர்ச்சி. மகாத்மாவிடம் முறையிட்டார்கள். கொன்றது தவறென்று காந்தியடிகள் சொல்வார் என்று எதிர்பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். வேறு வழி என்ன இருந்தது என்று அவர் கேட்டார். "யங் இந்தியா"வில் தொடர்ந்து பல கட்டுரைகள் எழுதினார். கோபக் கடிதங்கள் குவிந்தன. எல்லாவற்றுக்கும் பொறுமையாக விடையளித்தார்.

கொல்வது பாவமில்லை என்று அவர் சொல்லவில்லை. தெருவில் நாய் கேட்பாரற்றுத் திரிவதே அந்தச் சமூகத்தின் பாவம் என்றார். போகிற போக்கில் ஒரு பிடி சோற்றை எறிந்து விட்டுப் புண்ணியம் தேடிக் கொள்வது தயை ஆகாது. நாயிடம் அன்பிருந்தால் அதை வீட்டில் வைத்துக் காப்பாற்று, அல்லது காப்பாற்றும் சங்கத்துக்குப் பணம் கொடு என்பது அவர் வாதத்தின் சாரம். நூறு வருஷம் ஆகப் போகிறது. நம் ஊர்க் கோயில் வாசல்களிலும் சாப்பாட்டுக் கடைகளின் பின்புறத்திலும் எச்சில் இலையைச் சுற்றி நிற்கும் நாய்க் கூட்டத்தைப் பார்க்கும் எவரும் அந்த வாதம் பழசாகி விட்டதென்று சொல்ல மாட்டார்.

ஆனால் காந்தியடிகளுக்கு அன்று இல்லாத ஒரு வழி நமக்கு இன்று உண்டு. நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது அந்த வழி. சென்னை நகரம் வெகு காலம் நாய்களைக் கொன்று பார்த்தது. கொன்ற இடத்தில் வேறு நாய்கள் வந்து சேர்ந்தனவே ஒழியக் கூட்டம் குறையவில்லை. புளூ கிராஸ் சங்கத்தார் 1964 முதல் சொல்லி வந்த இந்த யோசனையை 1996-இல்தான் அந்நகரம் ஏற்றுக் கொண்டது. 2001-இல் இது தேசம் முழுவதற்கும் விதியாயிற்று. 2023-இல் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு முதலில் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, பின்னர் அதை மாற்றி, வெறி பிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்றவற்றை ஊசி போட்டு விட்டு விடலாம் என்றது. நவம்பர் 7-இல், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் உள்ள நாய்களை அப்புறப்படுத்தித் திரும்பவும் அங்கே விடக் கூடாது என்று உத்தரவிட்டது.

உத்தரவுகள் டெல்லியில் பிறக்கலாம். நாய்கள் நம் சந்தில்தான் பிறக்கின்றன. ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டால் வெறிநோய் பரவுவது நின்று விடும் என்கிறார்கள் நிபுணர்கள். கோவாவில் வருஷந்தோறும் விடாமல் அவ்வாறு செய்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகள் ஒரு மனித மரணமும் இன்றிக் கழிந்து, 2021-இல் வெறிநோய் கட்டுப்பட்ட மாகாணம் என்று அறிவிக்கப்பட்டது. மெக்ஸிகோ தேசம் நாயால் வரும் வெறிநோய் மரணத்தை அடியோடு ஒழித்து 2019-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற்றது. முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை.

காஞ்சிபுரத்துக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டி வேலை செய்யும் குடும்பங்கள் இன்னமும் நம் ஊரில் இருக்கின்றன. சண்டையிட்டுக் கொண்டு நாய்கள் அதில் புகுந்தால் அறுவது பட்டிழை மட்டுமல்ல. தறியில் உட்காருகிறவன் கையில் கடிபட்டால், கோர்வைக்கு எதிர்ப்பக்கம் ஆள் இருந்தும் சேலை நகராது. தினக்கூலி இல்லாத தொழில். நெய்த சேலைக்குத்தான் கூலி. ஊசி இலவசந்தான், ஆனால் நான்கு முறை ஆஸ்பத்திரிக்கு நடக்கும் பொழுது இலவசமன்று. அதனால்தான் பலர் முதல் ஊசியோடு நிறுத்தி விடுகிறார்கள்.

*

இருபத்தெட்டாம் நாள் கடைசி ஊசியும் போட்டாயிற்று. அன்று மாலை நாம் ஜவுளிக்கார கனவானின் வீட்டுக்குப் போனோம். பலகையைப் படித்து விட்டு, சற்றுத் தூரத்திலேயே நின்று குரல் கொடுத்தோம். அவர் மரியாதையாக வரவேற்றார். நாயின் ஊசிச் சீட்டைக் கேட்பதற்கு முன்னமே எடுத்துக் காட்டினார். வருஷம் தவறாமல் ஊசி. நாயும் வந்து நம் வேஷ்டியை முகர்ந்து பார்த்து விட்டு, உபாத்தியாயர்தான் என்று தெரிந்து கொண்டதுபோல் ஒரு மூலையில் படுத்து விட்டது. நம் மகஜரின் "கூற்றுவனின் தூதன்" கொட்டாவி விட்டது.

நமக்கு வெட்கமாகப் போயிற்று. புறப்படலாம் என்று எழுந்தோம். அப்பொழுது அந்த வீட்டில் வேலை பார்க்கும் சிறுவன் ஒருவன், பதின்மூன்று வயது இருக்கும், முப்பது கிலோ எடை கூட இராது, சங்கிலியை எடுத்துக் கொண்டு நாயை வெளியே அழைத்துப் போகப் புறப்பட்டான். நாய் முன்னே நடந்தது. சிறுவன் பின்னே இழுபட்டான்.

"ஐயா, இவன் நாயைக் கூட்டிப் போகிறானா, நாய் இவனைக் கூட்டிப் போகிறதா?" என்று கேட்டோம். "இந்த வயதில் சங்கிலி பிடிக்க வேண்டிய பிள்ளையா இவன்? பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்."

கனவான் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. மறுநாள் முதல் அவரே சங்கிலியைப் பிடித்துக் கொண்டு, நாயின் வாய்க்குக் கூடு போட்டு, விடிவதற்கு முன் அழைத்துப் போகிறார். சிறுவன் நம் பள்ளியில் சேர்ந்திருக்கிறான். தமிழ் எழுத்து அவனுக்கு இன்னும் பெரிய நாயாகத்தான் இருக்கிறது.

பழைய மகஜரைக் கிழித்துப் போட்டுப் புதிதாக ஒன்று எழுதினோம். முக்கால் பக்கந்தான். வளர்ப்பு நாய்களைப் பதிவு செய்து ஊசி போட வேண்டும். பெரிய நாயைப் பெரிய மனிதர்தான் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். தெரு நாய்களுக்குக் கருத்தடையும் ஊசியும் வருஷந்தோறும் நடக்க வேண்டும். எச்சில் இலைகளைத் திறந்த வெளியில் குவிக்கக் கூடாது. இவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக் கொண்ட பெரியவருக்கு இந்த முறை கண் கலங்கவில்லை. "சாரமில்லையே" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

பள்ளியில் திங்கட்கிழமைதோறும் பிரார்த்தனைக்குப் பின் ஐந்து நிமிஷம் ஒரு பாடம் வைத்திருக்கிறோம். தூங்கும் நாயையும், தின்னும் நாயையும், குட்டி போட்ட நாயையும் தொடாதே. நாய் துரத்தினால் ஓடாதே. மரம்போல் நின்று, அதன் கண்ணைப் பாராதே. கீழே விழுந்து விட்டால் சுருண்டு படுத்து, கைகளால் காதையும் கழுத்தையும் மூடிக் கொள். கடித்தாலும் கீறினாலும் சோப்பும் தண்ணீரும் பதினைந்து நிமிஷம், உடனே ஆஸ்பத்திரி, நான்கு ஊசியும் முடியும்வரை விடாதே. முதலில் வீட்டில் சொல்.

பாடத்தின் முடிவில் நாம் ஒரு கேள்வி கேட்போம். "குட்டி நாய் கடித்தால்?" பிள்ளைகள் ஒரே குரலில் விடை சொல்வார்கள்: "விஷத்துக்குச் சின்னது பெரிசு கிடையாது!"

முதல் வரிசையில் நிற்கும் ஒரு பையன் மட்டும் மற்றவர்களைக் காட்டிலும் சற்று உரக்கச் சொல்வான். அந்த வாக்கியம் யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.